கீழோடையில் டம்ளர் தவளை

ஜூன் 2

மழை பிடித்துவிட்டது. மேலோடைப் பாதையில் மண் சரிந்து மரங்கள் குறுக்கே கிடக்கின்றன. வனத்துறை பாதையை மூடிவிட்டது. இந்த மழைக்காலம் முழுக்க மேலோடை கிடையாது.

மேலோடை இல்லையென்றால் டம்ளர் தவளை இல்லை. டம்ளர் தவளை இல்லையென்றால் எங்கள் விடுதிக்கு ஜூன் மாதத்தில் யாரும் வரக் காரணம் இல்லை.

பெயர் எபி அண்ணன் வைத்தது. எவர்சில்வர் டம்ளரை நகத்தால் தட்டுவது போலக் கூப்பிடும். ஐந்து தட்டு, ஒரு இழுப்பு. கட்டைவிரல் நுனியளவு உடம்பு. இதுவரை ஒரே ஒரு ஓடையில்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த ஓடைக்கு இரவில் ஆட்களை அழைத்துப்போய், சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சில் அதைக் காட்டுவது என் வேலை. யானையும் காட்டுமாடும் பாதையில் நிற்கின்றனவா என்று முன்னால் போய்ப் பார்த்து விசிலடிப்பது எபி அண்ணனின் வேலை.

விடுதி ரெஜினா அக்காவுடையது. சமையலறையிலிருந்தே கேட்டார்.

"தவளை இல்லேன்னா வர்றவங்களுக்கு எதக் காட்டுவ? என் மூஞ்சியவா?"

"கீழோடை இருக்குக்கா."

"அங்க என்ன இருக்கு?"

"போய்ப் பாத்தாத்தான தெரியும்."

தெரியும் என்றே சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும்.

ஜூன் 3

கம்பூட்ஸ் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தேன். ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகுமுன் இதைச் செய்தாக வேண்டும். தவளைகளுக்கு வரும் பூஞ்சை நோய் பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. விருந்தினர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் விடமாட்டேன். ஓர் ஓடையில் உள்ளது எதையும் இன்னோர் ஓடைக்குச் சுமந்து போகக் கூடாது. இந்த விடுதியில் நான் கொண்டுவந்த முதல் விதி.

மற்றவை: தொடக் கூடாது. ஃபிளாஷ் கூடாது. பேசக் கூடாது.

மாலையில் என் பழைய ஒலிப்பதிவுகளை ஒழுங்குபடுத்தினேன். டம்ளர் தவளையின் முதல் பதிவு இரண்டு வருடம் முந்தியது. மேலோடை, கொட்டும் மழை, பிளாஸ்டிக் தாளுக்குள் குந்தியிருந்தேன். அது கூப்பிட்டு முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடித்ததும் விட்டேன். மூக்கையும் ஒருமுறை உறிஞ்சினேன். இரண்டும் பதிவாகிவிட்டன. எபி அண்ணனுக்குக் காது பழகட்டும் என்று அந்தக் கோப்பைத்தான் கொடுத்தேன்.

"தவள நல்லாத்தான் கத்துது. கடைசில ஒருத்தி பெருமூச்சு விடறாளே, அவ யாரு டாக்டரம்மா?"

முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டு வந்தவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவது இந்த எஸ்டேட்டில் அவர் ஒருவர்தான். முதலில் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை.

ஜூன் 5

கீழோடையில் முதல் நடை. சென்னையிலிருந்து கணவன் மனைவி, மனைவியின் தங்கை.

சுருக்கத் தவளைகள் இருந்தன. பாறை இடுக்கில், ஈரத்தில், பாறை போலவே. இந்த மலையின் எல்லா ஓடைகளிலும் இருப்பவை. மேலோடையிலும் உண்டு, அங்கே யாரும் அவற்றைக் கேட்பதில்லை.

"டம்ளர்னு ஏதோ போட்டிருந்தீங்களே?"

"அது மேலோடை சார். பாதை மூடியிருக்கு."

"அப்ப இதுக்கு எங்க வீட்டு பாத்ரூமே போதுமே. மழைன்னா ரெண்டு தவள வந்து உக்காந்திருக்கும்."

மனைவி சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை, அட்டை கடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பார்த்தேன். ஓடை தேங்கி நிற்கும் குட்டைக்கு மேல்புறம் பாறைகளில் சுண்ணாம்புக் கோடுகள். மேலே கட்டும் புது ரிசார்ட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறார்களாம். குறுக்கே சின்னதாக ஒரு சுவர், அதிலிருந்து பைப். எபி அண்ணன் சொன்னார், ரேஞ்சர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று.

"குட்டை?"

"சொவரு கட்டிட்டா குட்டை ஏது? கல்லுதான்."

ஜூன் 6

இருவர் முன்பதிவை ரத்து செய்தார்கள். டார்ச்களுக்கு மின்கலம் மாற்றினேன்.

ஜூன் 9

கேட்டேன்.

கீழோடை. குட்டைக்குச் சற்று மேலே, வலதுபுறப் பாறைகள். கோயம்புத்தூரிலிருந்து வந்த வங்கி ஊழியர்கள், ஆறு பேர், பேச்சை நிறுத்தவே முடியாதவர்கள். எபி அண்ணன் முன்னால் போய் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் விசிலடித்தார். நாங்கள் இறங்கி உட்கார்ந்தோம். ஒருவர் சிக்னல் தேடிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது.

ஐந்து தட்டு. இழுப்பு.

எழுந்து நின்றுவிட்டேன். நான் வைத்த விதியை மீறி வாய்விட்டு ஏதோ சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடையை யாரும் பார்க்கவில்லை. "மேடம் அழுவுறாங்க" என்றது ஒரு குரல். அழவில்லை. மழை.

எபி அண்ணன் டார்ச்சை என் முகத்தில் அடித்துவிட்டு உடனே கீழே இறக்கினார்.

ஜூன் 10

தூக்கம் இல்லை. நல்ல தூக்கமின்மை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இதைத்தான் எழுதியிருந்தேன். டம்ளர் தவளை மேலோடையில் மட்டும் வாழ முடியாது. ஓர் உயிர் ஒரே ஓடையில் முளைத்து ஒரே ஓடையில் நிற்காது. நீர் இறங்கும் வழியில் இன்னொரு கூட்டம் இருந்தாக வேண்டும். நெறியாளர் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு சொல் எழுதினார். ஆதாரம்? இயலை எடுத்துவிடச் சொன்னார். நான் என்னை எடுத்துக்கொண்டேன்.

இப்போது இருக்கிறது, ஆதாரம். அது குட்டைக்கு மேலே, சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கூப்பிடுகிறது. அரிய உயிர் இருக்கும் ஓடையில் சுவர் கட்ட எந்த ரேஞ்சரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அம்மா அழைத்தாள். கரூரில் வெயிலாம். "தவளைய வச்சு என்னதான் பண்ணப் போற மிருதுளா?"

"ஒரு ஓடையக் காப்பாத்தப் போறேன்."

"சாப்ட்டியா?"

ஜூன் 12

தனியாகப் போனேன். எபி அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் யானையைச் சொல்லித் திட்டுவார்.

கூப்பிடவில்லை. மழை அதிகம். இவ்வளவு இரைச்சலில் எந்த ஆண் தவளையும் தொண்டையை வீணாக்காது.

ஜூன் 14

நடை. கூப்பிட்டது. அதே பாறை.

ஒருவர் ஃபிளாஷ் அடித்துவிட்டார். கைபேசியைப் பிடுங்காத குறை. ஆனால் கவனித்தேன்: மேலோடைத் தவளைகள் வெளிச்சம் பட்டால் வாயை மூடிவிடும், நெடுநேரம் திறக்காது. இது மூடவில்லை. ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை.

யோசித்தேன். கீழோடையில் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பெண்கள் துணி துவைக்கிறார்கள். ஆடுகள் இறங்குகின்றன. வெளிச்சமும் ஆளும் பழகியிருக்கும். மூன்றாம் இயலில் இதற்கு ஒரு பத்தி சேர்க்கலாம்.

"ரொம்ப தைரியமான ஆண்" என்றேன்.

"தைரியசாலிதான்" என்றார் எபி அண்ணன், பூட்ஸைக் கழுவிக்கொண்டே. குனிந்திருந்தார்.

விருந்தினர்கள் இருவர் அடுத்த வாரமும் வருகிறார்களாம். ரெஜினா அக்கா எனக்கு இரண்டு முட்டை வைத்தார்.

ஜூன் 15

நல்ல ஒலிவாங்கியை எடுத்துப்போய் நடையின்போதே பதிவு செய்தேன். விருந்தினர்களைத் தள்ளி உட்காரச் சொன்னேன்.

இரவே மடிக்கணினியில் திறந்தேன். ஒலியின் படத்தை வரைந்து, மேலோடைப் பதிவின் படத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் அடியில் இருப்பது தெரியவில்லை. இனம் ஒன்றே என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

கடைசியில் சிறிய இரைச்சல், ஒரு நொடி. வெட்டினேன்.

ரேஞ்சருக்கு அனுப்பிவிட்டேன். பதிவு, இடம், ஒரு பக்கக் கடிதம். 'ஐயமின்றி' என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

ஜூன் 16

காலுறைகள் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். ரெஜினா அக்கா அவிழ்த்து எறிந்தார்.

ஜூன் 18

ரேஞ்சர் பொற்கொடி அழைத்தார். குரலில் ஜலதோஷம்.

"கேட்டேன்மா, உங்க தவளைய. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபோன்ல கேட்டதுக்கு நான் கையெழுத்த நிறுத்த முடியாது. ரிசார்ட்காரங்க மேலிடம் வரைக்கும் போவாங்க. நேர்ல வந்து என் காதால கேக்கணும்."

"வாங்க மேடம்."

"வந்து கேக்கலேன்னா?"

"கேக்கும் மேடம்."

இருபத்தாறாம் தேதி வருகிறார். எபி அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"பெரிய ஆபீசரெல்லாம் எதுக்கு டாக்டரம்மா? நாம பாட்டுக்கு இருக்கோம், தவள பாட்டுக்கு இருக்கு."

"சுவர் கட்டினா தவளை எங்க இருக்கும்?"

"சரிதான்" என்றார். "சரிதான்." இரண்டு முறை.

ஜூன் 20

நடை முடிந்து திரும்பும் வழி. விருந்தினர்கள் முன்னே போய்விட்டார்கள். எபி அண்ணன் என்னோடு பின்தங்கினார்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணா."

"அந்தத் தவள இருக்குல்ல…"

"அதப் பத்தி நானும் ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்து, தலைப்பிரட்டைகள் வெள்ளத்தில் இறங்கி வருவது, ஒரே மலையின் இரண்டு ஓடைகள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்திருக்கக்கூடியது, எல்லாம் விடுதி வாசல் வரை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நல்ல மாணவர்.

அவர் சொல்ல வந்ததைக் கேட்க மறந்துவிட்டேன். நாளை கேட்கிறேன்.

ஜூன் 21

கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி வைத்தோம்.

ஜூன் 22

மறுபடியும் தனியாக. மழையில்லை, காற்றில்லை. டம்ளர் தவளை கூப்பிட உகந்த இரவு.

கூப்பிடவில்லை.

வலதுபுறப் பாறைக்குப் போனேன். அடியில் ஒரு பொந்து. கையளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. குனிந்தேன். சோப்பு வாசனை. யாரோ இங்கே குளிக்கிறார்கள். இரவு நடை இருக்கும் ஓடையில் சோப்புப் போட வேண்டாம் என்று லயன் வீடுகளில் சொல்ல வேண்டும்.

குட்டை ஓரத்தில் ஒரு சுருக்கத் தவளை. தண்ணீருக்கு மேல் சாய்ந்த பெரணி இலையில் முட்டைகள், கண்ணாடி மணிகளைக் கொட்டியது போல. அவற்றின்மேல் தகப்பன் உட்கார்ந்திருந்தது. முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழும்வரை அங்கேயே இருக்கும். எனக்காக அது அசையவில்லை. நான்தான் எழுந்து வந்தேன்.

ஜூன் 24

சோப்பைப் பற்றி லயன் வீடுகளில் சொல்லவில்லை.

ஜூன் 25

நாளை ரேஞ்சர். பூட்ஸ் கழுவியாயிற்று. சிவப்புக் காகிதம் புதிதாக ஒட்டியாயிற்று. ரெஜினா அக்கா சுக்குக் காபிக்கு இடித்து வைத்துவிட்டார்.

எபி அண்ணன் சமையலறை வாசலில் நின்றார்.

"நாளைக்கு மட்டும் அது கூப்பிடலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"கூப்பிடும்."

"கூப்பிடலேன்னா?"

"அண்ணா, கூப்பிடும்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நான் டார்ச் கண்ணாடியைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

"சரி" என்றார்.

வெட்டிய அந்த ஒரு நொடி இன்னும் மடிக்கணினியில்தான் இருக்கிறது. கேட்கவில்லை.

ஜூன் 27

நேற்றையதை இன்று எழுதுகிறேன். விடியும் முன்பே உட்கார்ந்துவிட்டேன். வரிசையாக எழுத வேண்டும்.

ரேஞ்சர் பொற்கொடி இருட்டுவதற்குள் வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். முட்டியில் பட்டை கட்டியிருந்தார். பிளீச்சிங் தண்ணீரில் கால் வைக்கச் சொன்னபோது ஒன்றும் கேட்காமல் வைத்தார். "நல்ல பழக்கம்" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு அன்று முழுக்கப் போதும் என்று நினைத்தேன்.

எபி அண்ணன் முன்னால் போனார். விசில் வந்தது. இறங்கினோம்.

நான்கு நாளாக மழை இல்லை. ஓடை சிறுத்திருந்தது. பேசும் விருந்தினர்கள் இல்லை. மூன்று பேர், மூன்று கல். டார்ச்சை அணைத்தோம். இந்த ஓடையை நான் இவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை என்று தோன்றியது. இருமுறை தனியாக வந்ததை அப்போது நினைத்துக்கொள்ளவில்லை.

ஐந்து தட்டு. இழுப்பு.

ரேஞ்சரின் கை இருட்டில் என் முழங்கையைப் பிடித்தது.

"கேக்குது" என்றார், கிசுகிசுப்பாக. "அடி ஆத்தி, டம்ளரேதான்."

மறுபடி ஐந்து தட்டு. இழுப்பு.

பிறகு ஒரு மூச்சு. நீளமாக, அடக்கிவைத்து விட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஓடை போய்க்கொண்டிருந்தது.

"அது என்ன?" என்றார் ரேஞ்சர். "யாரோ மூச்சு விட்ட மாதிரி?"

"காத்து மேடம்" என்றார் எபி அண்ணன் உடனே. "பாறை இடுக்குல காத்து பூந்தா அப்படித்தான்."

"ஓ." அவர் நம்பினார். நம்பிய குரல் அது. இருட்டில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுதப் போகிறார். எழுதினால் கையெழுத்து நிற்கும். சுவர் வராது. குட்டை இருக்கும். மூன்றாம் இயல் இருக்கும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நான் வைத்த விதியே அதுதான்.

மறுபடி தட்ட ஆரம்பித்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்தத் தவளையைப் பற்றியும் எனக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்ததில்லை.

மூச்சு வந்தது.

"காத்து இல்ல மேடம்" என்றேன். "நான்தான்."

"என்னது?"

எழுந்து வலதுபுறப் பாறைக்குப் போனேன். டார்ச் தேவைப்படவில்லை. பொந்துக்குள் கைவிட்டேன். பிளாஸ்டிக் சோப்பு டப்பா. மூடியில் ஆணியால் குத்திய துளைகள், உள்ளே பட்டன் போன், திரையில் பச்சை வெளிச்சம். கையில் எடுத்ததும் சத்தம் பெரிதாயிற்று. என் உள்ளங்கையிலிருந்து டம்ளர் தவளை கூப்பிட்டது. டப்பாவைத் திறக்க வரவில்லை. நகம் வழுக்கியது. அது மறுபடி கூப்பிட்டது, மறுபடி மூச்சுவிட்டது, மறுபடி மூக்கை உறிஞ்சியது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். கடைசியில் எபி அண்ணன் வந்து வாங்கி, பின்பக்கம் திறந்து பேட்டரியைக் கழற்றினார்.

"யார் ஃபோன் இது?"

"என்னுது மேடம்" என்றார் அவர்.

"பதிவு என்னுது" என்றேன். "மேலோடையில எடுத்தது. உங்களுக்கு எழுதின கடிதமும் என்னுது."

ரேஞ்சர் டார்ச்சைப் போட்டார். எங்கள் முகத்தில் அல்ல, தரையில்.

"ஆக, இந்த ஓடையில டம்ளர் தவளை இல்ல."

"இல்லன்னு தெரியாது மேடம். இருக்குன்னு நான் எழுதினது தப்பு."

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?"

"இருக்கு. ஆனா கையெழுத்த நிறுத்த அது போதாது."

சொன்னபோது குரல் நடுங்கவில்லை. அதைக் கவனித்தேன். இதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அதற்குமுன் பதினேழு நாளும் என் குரல் உறுதியாக இருந்தது; அந்த உறுதி வேறு.

ரேஞ்சர் ஒரு கல்லில் மறுபடி உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இவ்வளவு தூரம் முட்டி வலியோட வந்திருக்கேன். ரெண்டு பேரும் சேந்து செல்போனக் காட்டறீங்க. இந்த ஓடையில நெசமா என்னதான் இருக்கு? அதக் காட்டுங்க, பாத்துட்டாவது போறேன்."

குட்டை ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். பெரணி இலையைத் தொடாமல், சிவப்பு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தேன். முட்டைகள். உள்ளே ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் காற்புள்ளி, துடித்துக்கொண்டு. மேலே தகப்பன்.

அவர் மெல்லக் குந்தினார். முட்டி சொடக்கியது.

"இது அபூர்வமா?"

"இல்ல மேடம். இந்த மலையில எல்லா ஓடையிலயும் உண்டு."

"என்ன பண்ணுது?"

"காவல். முட்டை பொரியற வரைக்கும்."

"நம்மளப் பாத்து ஓடலையே."

"ஓடாது."

"அம்மா தவள?"

"முட்டை போட்டுட்டுப் போயிடும்."

"சோறு தண்ணி?"

"இதுக்கா? கிட்ட வர்றதப் புடிச்சுத் தின்னும். தள்ளிப் போகாது."

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மாற்றிக் குந்தினார். மறுபடி பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரக் கூட்டியாந்து இதக் காட்டணும்" என்றார். "மூணு புள்ளைக்கும் ஒரு நாள் காய்ச்சல்னு ராத்திரி முழிச்சதில்ல மனுஷன்."

எபி அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு நானும். இப்படி ஓர் இரவில் அது நடக்கக்கூடாத ஒன்று. நடந்தது.

மேலேறும்போது ரேஞ்சர் டார்ச்சை சுண்ணாம்புக் கோடுகளின்மேல் ஓட்டிப் பார்த்தார். ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: "மறு உத்தரவு வரைக்கும் ராத்திரி நடை கெடையாது. ரெண்டு பேரும் எழுத்துல விளக்கம் குடுக்கணும். ஒரே மாதிரி எழுதாதீங்க."

சுக்குக் காபியை யாரும் குடிக்கவில்லை.

ஜூன் 28

ரெஜினா அக்கா: "ஊர்ல ஆம்பளையும் பொம்பளையும் சேந்து என்னென்னவோ பண்றாங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு தவளையப் பெத்திருக்கீங்க."

அறைகள் காலி. எல்லாப் போர்வையையும் துவைத்தோம்.

கொடியில் போடும்போது எபி அண்ணன் பேசினார்.

"மொத நாளு சும்மா வெச்சேன். சென்னைக்காரன் பாத்ரூம்னு சொன்னான்ல, வயித்தெரிச்சல். வந்தவங்க ஏமாந்து போகக் கூடாதுன்னுதான். அன்னிக்கே எடுத்திருப்பேன்."

"எடுக்க வேண்டியதுதான?"

"நீங்க எந்திரிச்சு நின்னீங்க. டார்ச்ச உங்க மூஞ்சில அடிச்சேன். இந்த ரெண்டு வருசத்துல அப்படி ஒரு மூஞ்சி நான் பாத்ததில்ல. எப்படி எடுக்க?"

போர்வையின் இரு முனைகளைப் பிடித்துப் பிழிந்தோம். எதிரெதிர்த் திசையில்.

"பூட்ஸெல்லாம் கழுவினோம்" என்றார். "மேலோடைச் சத்தத்தக் கழுவாமக் கொண்டாந்து போட்டுட்டேன். உங்க சட்டப்படி அதான் பெரிய குத்தம்."

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ரேஞ்சர் வந்த அன்னிக்கு ராத்திரிதான்" என்றேன்.

அவர் நம்பினார். நல்லவர்.

ஜூன் 30

விளக்கம் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. ஒன்றாக்கினேன். 'ஐயமின்றி' இல்லை. இணைப்பாகப் பதினைந்தாம் தேதிப் பதிவு, வெட்டாமல், கடைசி நொடியோடு. ஏன் வெட்டியிருந்தேன் என்பதற்கு ஒரு வரி. அந்த வரியை எழுதத்தான் மூன்று நாள் ஆயிற்று.

ஜூலை 6

ரேஞ்சர் அலுவலகத்திலிருந்து இரண்டு தாள்கள்.

ஒன்று: ரிசார்ட் பைப்புக்கு அனுமதி. அரிய உயிர் இருப்பதற்கான சான்று இல்லை. ஆனால் சுவரும் பைப் வாயும் குட்டைக்குக் கீழே அமைய வேண்டும். மழைக்காலம் முடியுமுன் வேலை தொடங்கக் கூடாது. காரணம் என்ற இடத்தில்: 'குட்டையில் தவளைகளின் முட்டைக் காவல் நேரில் காணப்பட்டது.'

எங்கள் மலையின் மிகச் சாதாரணத் தவளை ஒரு அரசாங்கத் தாளில்.

குட்டைக்குக் கீழே ஓடை இளைக்கும். கோடையில் அங்கே கல்தான் மிஞ்சும். பாதிதான். நான் கேட்டது முழுசு. வாய் திறக்காமல் இருந்திருந்தால் முழுசும் கிடைத்திருக்கும் என்று இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன். கிடைத்திருக்கும். அந்த ஓடைக்கு ஒவ்வொரு வருடமும் யாராவது சோப்பு டப்பா வைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

இரண்டு: நடைக்கு அனுமதி, கீழோடை மட்டும். நிபந்தனை, ஒலிக்கருவி எதுவும் கூடாது. அடியில் பேனாவால்: 'கைபேசிகளை விடுதியிலேயே வாங்கி வைக்கவும். வழிகாட்டிகளுடையதை முதலில்.'

ரெஜினா அக்கா அரிசிப் பானை ஒன்றைக் காலிசெய்து கொடுத்தார். மூடியோடு.

ஜூலை 7

நெறியாளருக்கு மின்னஞ்சல். மூன்றாம் இயலை இணைத்தேன். தலைப்பை மாற்றிவிட்டேன், முன்பு அது ஒரு முடிவு, இப்போது ஒரு கேள்வி. அவர் கேட்பதற்கு முன் நானே எழுதினேன்: ஆதாரம் இல்லை. தேட ஓர் ஓடை இருக்கிறது. ஒவ்வொரு இரவும் போகிறேன்.

ஜூலை 11

பெரணி இலை காலி. கண்ணாடித் தோல்கள் மட்டும். கீழே குட்டையில், டார்ச் வட்டத்துக்குள், காற்புள்ளிகள் நீந்தின. தகப்பனைக் காணோம். வேலை முடிந்தது.

எபி அண்ணன் பெரிய மனிதர் போலச் சொன்னார்: "ரேஞ்சர் மேடத்துக்குச் சொல்லி அனுப்பணும். சுகப்பிரசவம்னு."

ஜூலை 13

அனுமதிக்குப் பின் முதல் நடை. மதுரையிலிருந்து நான்கு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மனைவியோடு. கைபேசிகள் அரிசிப் பானைக்குள். பானைக்குள் ஒன்று அடித்துக்கொண்டேயிருந்தது. போகட்டும் என்று விட்டோம்.

பூட்ஸ். பிளீச்சிங். முன்னால் எபி அண்ணன். விசில் தாமதமில்லாமல் வந்தது.

இறங்கும் வழியில் ரயில்வேக்காரர் கேட்டார்.

"இங்க அபூர்வமா என்னம்மா பாக்கலாம்?"

"அபூர்வமா ஒண்ணும் இல்ல சார். டம்ளர் தவளைன்னு ஒண்ணு இங்க இருக்கலாம்னு நான் நினைக்கிறேன். இதுவரைக்கும் கேட்டதில்ல."

"கேட்டதில்லையா?"

"இங்க இல்ல."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "வந்தது வந்தாச்சு, உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தோம். டார்ச் அணைந்தது. முதலில் யாரோ செருமினார்கள். யாரோ அட்டையைத் தட்டிவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது. தண்ணீர். இலையிலிருந்து சொட்டு. சுருக்கத் தவளைகள் இரண்டு, தொலைவில் மூன்றாவது. வலதுபுறப் பாறையில் ஒன்றுமில்லை. நான் அந்தப் பக்கமே காது வைத்திருந்தேன். ஒன்றுமில்லாததை இவ்வளவு தெளிவாகக் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

இருட்டில் அந்த அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏதோ சத்தம் கேக்குதே. மெதுவா, உள்ள போயி வெளிய வர்ற மாதிரி. அது என்னம்மா?"

கேட்டேன்.

"நாமதாங்க" என்றேன். "மூச்சு."